காதைத் தொட்டுக் காட்டினாள்

என் தம்பி மகன் பறக்கும் வீடியோ ஒன்று என் போனில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கப்பலின் மேல்தளத்தில், உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள், கீழிருந்து அடிக்கும் காற்றின் மேல் பன்னிரண்டு வயதுப் பையன் குப்புறப் படுத்தபடி மிதக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் போடச் சொல்வார்கள், அவனைப் பார்க்க. நான் அவனைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால், காத்திருக்கும் அறையின் பெஞ்சில், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் தெரிவார்கள். ஒன்று நான். பக்கத்தில் என் ஒன்பது வயது மகள். தம்பி மகன் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும் நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பி, ஹெல்மெட்டின் வலப்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுகிறாள். நான் கட்டைவிரலை உயர்த்துகிறேன். அவள் ஒரு கணம் என் முகத்தையே பார்க்கிறாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான்கு விநாடிகூட இருக்காது.

அந்தப் பயணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்து இரவுகள், ஏழு பேர்: நாங்கள் மூவர், தம்பி வீட்டில் மூவர், அம்மா. கப்பலைப் பற்றிச் சொல்ல நல்ல விஷயங்கள் நிறைய உண்டு, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நான்கு விநாடிதான் வந்து முன்னால் நிற்கிறது. அதை எழுதாமல் வேறெதையும் எழுத முடியவில்லை.

பயணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது இந்த உள்ளரங்க ஸ்கைடைவிங்தான். இந்தக் காற்றுக் குழாயை முதன்முதலில் கடலுக்குக் கொண்டுபோனது ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பல். 2014-ல் பயணத்தைத் தொடங்கிய அந்தக் கப்பல் 348 மீட்டர் நீளம். பிறகு அதே வரிசையில் வந்த ஆந்தம், ஓவேஷன், ஸ்பெக்ட்ரம், ஒடிஸி ஆகியவற்றிலும் இது இடம்பிடித்தது. நாங்கள் போனதும் அப்படியொரு கப்பல்தான். முன்பதிவு செய்த அன்றே மூன்று பேருக்கு நேரம் வாங்கிவிட்டேன்: தம்பி மகன், என் மகள், நான். அம்மாவுக்குப் பல வருடம் முன்பு தோள்மூட்டு ஒருமுறை விலகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களை உள்ளே விடமாட்டார்கள். காற்று கையைப் பின்னால் தள்ளும்போது மூட்டு மறுபடி விலகக்கூடும் என்பதால் அது பொதுவாக உள்ள விதி. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

விழுவதா, பறப்பதா

எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு பயம் உண்டு. ராட்டினம் மேலிருந்து கீழே இறங்கும்போது வயிறு தனியாக மேலே எழும்புமே, அந்தப் பயம். லிஃப்ட் வேகமாக இறங்கினால்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அதனால் காற்றுக் குழாய்க்குள் நுழைவது என்று முடிவானதும் முதலில் நான் தேடிப் படித்தது அந்த ஒரு விஷயத்தைத்தான். படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெரிய ஆச்சரியம். விமானத்திலிருந்து குதிப்பவரின் வேகம் ஏறிக்கொண்டே போவது முதல் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில்தான். அதற்குள் காற்றின் எதிர்ப்பு அவருடைய எடைக்குச் சமமாகிவிடும். குப்புற விழுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டரில் நின்றுவிடும், அதற்குமேல் ஏறாது. வயிற்றில் எழும் அந்த உணர்வுக்கு வேகம் காரணமில்லை, வேகம் மாறுவதுதான் காரணம். காற்றுக் குழாயில் அந்த மாற்றம் நடப்பதே இல்லை. நாம் காற்றுக்குள் விழுவதற்குப் பதிலாகக் காற்று அதே வேகத்தில் நம்மை நோக்கி மேலே வருகிறது. உடல் இருந்த இடத்திலேயே இருக்கும். மெத்தையில் படுப்பதுபோல் காற்றின் மேல் படுக்கிறோம்.

இதை என் மகளுக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஹேர் டிரையரை மேல்நோக்கிப் பிடித்து, அதன் காற்றில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை மிதக்கவிட்டுக் காட்டினேன். பந்து அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே நிற்கும், டிரையரைச் சாய்த்தால் கூடவே சாயும், ஆனால் சட்டென்று விழாது. "பாத்தியா, பந்து விழவே இல்ல. நீயும் விழமாட்ட" என்றேன். குழாயின் குறுகலான இடத்தில் காற்று ஏன் வேகமெடுக்கிறது, மேலே போகப் போகக் குழாய் விரியும்போது ஏன் வேகம் குறைகிறது, அதனால் யாரும் ஏன் உச்சிவரை பறந்துபோய்விட முடியாது என்றெல்லாம் படம் போட்டேன். கீழே இரும்புக் கம்பி வலை இருக்கும், காற்று நின்றுபோனாலும் அதன்மேல்தான் இறங்குவாய் என்றேன். வெளியே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொருவரின் எடைக்கும் உடல்வாகுக்கும் ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார், குழந்தைகளுக்குக் குறைந்த காற்றே போதும் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அதன் வரலாற்றையும் சொன்னேன், எனக்கே பிடித்துப்போய்விட்டதால். இப்படிச் செங்குத்தாகக் காற்றை அனுப்பும் குழாய்கள் முதலில் மனிதர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று விழும்போது என்ன நடக்கிறது, எப்படி மீட்பது என்று சின்ன மாதிரி விமானங்களை மிதக்கவிட்டுப் பார்ப்பதற்காக அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1941-லேயே 20 அடி அகலக் குழாய் ஒன்று இருந்தது. ரைட் பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் 1964-ல் ஜாக் டிஃபானி என்பவர் அப்படியொரு காற்றில் மிதந்தார். அதுதான் ஒரு மனிதர் இப்படிப் பறந்த முதல் முறை. பொதுமக்கள் விளையாட்டாகப் பறக்க வழி செய்தவர் கனடாவின் ழான் சான்ஜெர்மேன், 1979-ல். 2015-ல் பிராக் நகரில் இதற்கு உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்தது. இதையெல்லாம் இரவில் கதைபோல் சொல்லும்போது மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஃபர்ஸ்ட் பறந்தவருக்கு உள்ள ரொம்ப சத்தமா இருந்துச்சாப்பா?" தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்காக அங்கே போகும் பாராசூட் வீரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

நான்கு சைகைகள்

பறக்கும் நாளன்று முதலில் சின்ன வகுப்பு. பயிற்சியாளர் இளம்பெண், நல்ல பொறுமைசாலி. காற்றுக்குள் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது, எனவே கைதான் மொழி என்று தொடங்கினார். இரண்டு விரலை நேராக நீட்டினால் கால்களை நீட்ட வேண்டும். அதே இரண்டு விரலை மடக்கிக் காட்டினால் முழங்காலை மடக்க வேண்டும். சுட்டுவிரலால் மேல்நோக்கிக் காட்டினால் தாடையைத் தூக்க வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையை லேசாக ஆட்டினால், உடம்பை விறைப்பாக வைத்திருக்கிறாய், தளர விடு என்று பொருள். என் மகள் ஒவ்வொன்றையும் தன் மடியில் வைத்த கையால் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், ஆனால் நான் அதிகம் பார்த்தது அவளை. ஆர்வமாக இருக்கிறாளா, பின்வாங்கிவிடுவாளா என்று அவள் முகத்தையே எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உடை. முழு உடலையும் மூடும் தளர்வான உடுப்பு, கண்ணாடி, ஹெல்மெட், காதுக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சுபோன்ற மஞ்சள் இயர்பிளக். நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். அவள் கம்மல் இரண்டையும் கழற்றித் தந்தாள், பாட்டியிடம் கொடுத்தேன். அந்த இயர்பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். அதை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது உப்பி ஓட்டையை நிரப்பும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இருபது முப்பது விநாடியாவது ஆகும். பிடிக்காமல் விட்டுவிட்டால் உப்பும்போது அதுவே வெளியே வந்துவிடும். வகுப்பில் காட்டித் தந்தார்கள். மகளுக்கு இடது காதில் அப்படியே செய்தேன். வலது காதுக்கு வரும்போது எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். செருகினேன், ஹெல்மெட்டை மாட்டினேன், வாரை இழுத்துக் கட்டினேன், கிளம்பிவிட்டோம்.

காத்திருக்கும் அறை என்பது குழாயோடு ஒட்டிய சின்னக் கண்ணாடி அறை. அதன் வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் காற்றைக் கூட்டுவார்கள். சத்தம் படிப்படியாக ஏறும். இயர்பிளக் போட்டும் நெஞ்சுக்குள் அதிர்வது தெரிந்தது. குழாய்க்கும் அந்த அறைக்கும் நடுவே கதவு கிடையாது, வெறும் திறப்புதான். தம்பி மகன் முதலில் போனான். அவன் உள்ளே இருந்தபோதுதான் மகள் என் பக்கம் திரும்பி காதைக் காட்டினாள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இப்போதும் துல்லியமாக நினைவிருக்கிறது. 'ஹெல்மெட் சரியா இருக்கான்னு கேக்குறா. பயப்படுறா. தைரியம் கொடுக்கணும்.' கட்டைவிரலை உயர்த்தினேன். சிரிக்கவும் செய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அவள் முறை. திறப்பின் விளிம்பில் நின்று, கைகளைத் தூக்கி, முன்னால் சாய்ந்தால் போதும், பயிற்சியாளர் பிடித்து இழுத்துக்கொள்வார். அவள் எழுந்து போய் விளிம்பில் நின்றாள். இரண்டு கைகளையும் இருபக்கச் சட்டத்தில் ஊன்றினாள். தலையை இடவலமாக ஒருமுறை ஆட்டினாள். பயிற்சியாளர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு. பிறகு கையால் பெஞ்சைக் காட்டினார். மூன்று விநாடியில் முடிந்துவிட்டது. கெஞ்சவில்லை, இழுக்கவில்லை, முகத்தில் ஏமாற்றம் காட்டவில்லை. பின்னால் நான் இரண்டு கைகளாலும் 'போ, போ' என்று சைகை செய்துகொண்டிருந்தேன், அவளுக்கு முதுகுப்பக்கம் என்பதுகூடத் தோன்றாமல். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். அவளைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

என் ஒரு நிமிடம்

வயிறு எழும்பவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு வருடம் பயந்திருந்தேன். சாய்ந்த அந்த நொடியில் விழப்போகிறோம் என்று உடம்பு எதிர்பார்த்தது, ஆனால் விழுதல் வரவே இல்லை. மார்பு, வயிறு, தொடை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரோ தாங்கிப் பிடித்ததுபோல் இருந்தது. கன்னம் உப்பியது. மூச்சு விடலாமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது, விடலாம்.

ஆனால் நான் பறந்தேன் என்று சொல்ல முடியாது. கைகள் பலகைபோல் விறைத்திருந்தன. ஒருபக்கம் சாய்ந்து கண்ணாடியில் மோதுவேன், பயிற்சியாளர் உடுப்பைப் பிடித்து நடுவே கொண்டுவந்து விடுவார், உடனே மறுபக்கம் சாய்வேன். கீழே பார்த்தேன், உடம்பு வலையை நோக்கி இறங்கியது. சுட்டுவிரல் வந்தது, தாடையைத் தூக்கினேன், ஏறியது. காற்றில் சின்ன அசைவுக்குக்கூட இவ்வளவு பதில் இருக்கும் என்று நான் எவ்வளவு படித்திருந்தும் தெரிந்திருக்கவில்லை. உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பினாலே உடம்பு முழுவதும் திரும்பிவிடும். அப்புறம் அவர் என் முகத்துக்கு நேரே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கையை ஆட்டினார். நன்றாகப் பறக்கிறாய் என்கிறார் என்று நினைத்தேன். சிரித்தேன். இன்னும் விறைப்பானேன். மறுபடி ஆட்டினார், இன்னும் பெரிதாக. மறுபடி சிரித்தேன். வகுப்பில் உட்கார்ந்து, தெளிவாகச் சொல்லித் தரப்பட்ட நான்கு சைகைகளில் ஒன்று அது. அதைப் பாராட்டு என்று படித்துக்கொண்டேன்.

எப்போது புரிந்தது என்று சொல்கிறேன். ஒரு சுற்றில் உடம்பு காத்திருக்கும் அறைப் பக்கம் திரும்பியது. பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மகள். அவள் அழவில்லை, தலைகுனிந்தும் இருக்கவில்லை. என்னைப் பார்த்து அதே கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி. மற்றொரு கையால் தன் தோளைத் தட்டி, அதைத் தொங்கவிட்டுக் காட்டினாள். அப்பா, தோளைத் தளர்த்து. அப்போதுதான் புரிந்தது. தளர்த்தினேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் எதிலும் மோதாமல், எங்கும் போகாமல், நடுவில் நின்றேன். நாலாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவருக்குப் பாராசூட் விரியும்வரை கிடைப்பதும் ஏறத்தாழ இந்த ஒரு நிமிடம்தான். அதில் எனக்குக் கிடைத்த பங்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடிகள், அதுவும் அவள் தந்தது.

வெளியே வந்ததும் நான் அவளை அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். செய்யவில்லை. "பரவாயில்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். பரவாயில்லை என்று சொல்லும் குரல் எப்படி இருந்தால் பரவாயில்லை என்று பொருளாகாதோ, அந்தக் குரலில்.

அம்மா சொன்னது

அன்று மாலை கேபின் பால்கனியில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். தம்பி ஏற்கனவே தன் கருத்தைச் சொல்லிவிட்டிருந்தான்: "தூக்கி உள்ள விட்டிருக்கணும்ணே. போனதும் தானா சரியாயிருப்பா." என் மனைவிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பிள்ளை வேண்டாமென்றால் வேண்டாம், அதில் பேச என்ன இருக்கிறது என்றாள். இருவருமே பயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பயத்தைத் தள்ளிப் போக்குவதா, விட்டுப்பிடிப்பதா என்பதில்தான் சண்டை. நானும் அதில்தான் நின்றுகொண்டிருந்தேன், ஒருநேரம் இந்தப் பக்கம், ஒருநேரம் அந்தப் பக்கம்.

அம்மா ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவ அழலடா. பயந்த பிள்ளைன்னா வெளிய வந்ததும் என்கிட்ட ஓடி வந்திருக்கும். இது உன் பக்கத்துலயே உக்காந்து உனக்குச் சொல்லிக் கொடுத்துட்டிருந்துச்சு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. பயந்தவள் குழாய்க்குள் இருந்த என்னை அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்க முடியுமா? கற்றுத் தந்த நான்கில் எது எப்போது என்று என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்த பிள்ளைக்கு, எதைக் கண்டு பயம்?

கண்ணாடிக்கு வெளியே

மறுநாள் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை, முழுநாளும் கடல்தான். காலையில் அவளே கேட்டாள், பறப்பவர்களைப் பார்க்கப் போகலாமா என்று. வெளியே நின்று பார்ப்பதற்கு இடம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றோம். ஒவ்வொருவர் பறக்கும்போதும் அவள் எனக்கு விளக்கம் சொன்னாள். "அந்த மாமாவ முட்டிய மடக்கச் சொல்றாங்க, அவர் நீட்டிட்டே இருக்காரு." "இந்த அக்கா சூப்பரா பண்றாங்க, கையே ஆடல." எனக்கு அங்கே பறந்தவர்களைவிட அவள் பேசுவதைக் கேட்பதுதான் நிறைவாக இருந்தது. இவ்வளவு கவனித்தவள், இவ்வளவு விரும்பியவள் என்ற எண்ணம் ஏற ஏறத் தொண்டை அடைத்தது. கடைசியில் கேட்டேன். முந்தின நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நேத்து ஏன்டா போகல?"

அவள் ட்ரௌசர் பாக்கெட்டில் கைவிட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் இயர்பிளக். ஒன்று மட்டும்.

"இது கழண்டு உள்ள விழுந்துடுச்சுப்பா. சத்தம் தலைக்குள்ள வந்துடுச்சு. நான் உங்ககிட்ட காதக் காட்டினேன். நீங்க சரி, போலாம்னு காட்டினீங்க. அந்த ஆன்ட்டிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் வேணாம்னு தலைய ஆட்டிட்டேன்." ஹெல்மெட்டுக்குள் நழுவி, கழுத்து வழியே சட்டைக்குள் போயிருந்ததாம். உடை மாற்றும்போது கிடைத்ததை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

அதில் கோபமே இல்லை. நேற்று நடந்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள். நீங்கள் போகலாம் என்று காட்டியதால் போக வேண்டுமோ என்று விளிம்புவரை போனேன், அங்கே சத்தம் இன்னும் அதிகம், அதனால் முடியவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். நான் அந்தப் பஞ்சை உருட்டிக்கொண்டே நின்றேன். உருட்டினால் மெலிந்துபோகிறது, விட்டால் மெதுவாக உப்பிப் பழைய வடிவத்துக்கு வருகிறது. பிடிக்க வேண்டியது முப்பது விநாடி. நான் பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. ஹேர் டிரையரில் பந்து மிதந்தபோது அவள் ஒரு தோளை உயர்த்திக் காதை அதில் அழுத்திக்கொண்டு நின்றது. "பந்து நல்லாருக்குப்பா, அத ஆஃப் பண்ணுங்க" என்றது. வீட்டில் வாக்குவம் கிளீனர் போட்டால் அவள் அறையை விட்டுப் போய்விடுவது. முதலில் பறந்தவருக்குச் சத்தமாக இருந்ததா என்ற கேள்வி. வாரக்கணக்கில் அவள் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வாரக்கணக்கில் நான் விழமாட்டாய், விழமாட்டாய் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். விழுவதைப் பற்றிக் கவலைப்பட்டது நான். எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள், அப்பாவுக்கு இதைச் சொல்வது பிடித்திருக்கிறது என்று.

தம்பி சொன்னதை அடிக்கடி யோசிக்கிறேன். தூக்கி உள்ளே விட்டிருந்தால் அவள் பறந்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு காது திறந்தபடி, அந்த இரைச்சலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பறந்திருப்பாள், நன்றாகவே பறந்திருப்பாள். வீடியோ அழகாக வந்திருக்கும். பயத்தை வென்றுவிட்டாள் என்று எல்லோருக்கும் காட்டியிருப்போம். நானும் இதேபோல் ஒரு கட்டுரை எழுதியிருப்பேன், தள்ளிவிட்டதன் பெருமையை. அந்த மஞ்சள் பஞ்சு யாருக்கும் தெரியாமல் குப்பைக்குப் போயிருக்கும். அந்த நான்கு விநாடியைவிட என்னை அதிகம் உலுக்குவது இதுதான். பிள்ளைகள் இப்படி ஒத்துக்கொண்டு போன இடங்கள் இதற்கு முன் எத்தனை இருந்திருக்கும், அவற்றை நான் வெற்றி என்று சேர்த்துவைத்திருக்கிறேனா என்ற எண்ணம். அவள் வேண்டாம் என்று தலையாட்டியதால்தான் எனக்கு எதுவுமே தெரியவந்தது. அந்தத் தலையாட்டலை ஏன் என்றுகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்ட பயிற்சியாளருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

அன்று மதியமே பதிவு செய்யும் இடத்துக்குப் போய் இன்னொரு முறைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மீதி நாட்கள் முழுவதும் நிரம்பியிருந்தது. யாராவது வராமல் போனால் கிடைக்கலாம் என்று இரண்டு முறை போய் நின்றோம், எல்லோரும் வந்துவிட்டார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் மிச்ச நாட்களில் செயற்கை அலையில் தம்பி மகனோடு சறுக்கி ஆடிக்கொண்டிருந்தாள். நிலத்திலும் இப்படிப்பட்ட குழாய்கள் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சத்தத்தை முழுதாக அடைக்க வழி இருந்தால் போகலாம் என்றிருக்கிறாள். இரண்டு மூன்று வகை இயர்பிளக் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது போட்டுப் பார்க்கிறாள், வாக்குவம் கிளீனரை அவளே ஓடவிட்டு. இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

ஊர் திரும்பும் விமானம் இறங்கத் தொடங்கியபோது நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவள் ஜன்னலோரம், நான் நடுவில். இன்ஜின் இரைச்சல். அவள் என் கையைத் தட்டி, வலது காதைத் தொட்டுக் காட்டினாள். விமானம் இறங்கும்போது காது அடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, மிட்டாய் எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். குனிந்து என் காதை அவள் வாயருகே கொண்டுபோய், "என்னம்மா?" என்று கேட்டேன்.

"கம்மல்ல முடி மாட்டிக்கிச்சுப்பா. எடுத்து விடுங்க."